பக்கக் கண்ணாடியில் எரியும் அந்த ஆரஞ்சு விளக்கு: மறைவுப் பகுதி எச்சரிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகளாக, உரிமம் எடுத்து வெகுகாலம் ஆனவர்களும் புதுக் கார் வாங்கிய கையோடு வந்து, அதிலுள்ள வசதிகளை விளக்கிச் சொல்லும்படி கேட்கிறார்கள். அவர்களுடைய ஐயங்களில் பாதிக்கு மேல், பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் எரிந்து அணையும் சிறு விளக்கைப் பற்றியவை. நம் கண்ணில் படாத பக்கவாட்டுப் பகுதியில் வேறொரு வண்டி இருப்பதைக் காரே கண்டறிந்து எச்சரிக்கும் விளக்கு அது. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள கார்களை மனத்தில் வைத்தே எல்லாப் பதில்களும் எழுதப்பட்டுள்ளன.

மூன்று கண்ணாடி இருக்கும்போது ஒரு வண்டி எப்படி மறையும்? பிளைண்ட் ஸ்பாட் என்பது உண்மையிலேயே அவ்வளவு பெரிய விஷயமா?

உட்புறக் கண்ணாடி, பின்கண்ணாடி வழியாகத் தெரிவதை மட்டுமே காட்டுகிறது. பக்கக் கண்ணாடி, காரின் விலாவை ஒட்டிப் பின்னோக்கி விரியும் ஓர் ஆப்பு வடிவப் பகுதியைக் காட்டுகிறது. முன்னே பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் கண்ணின் ஓரப்பார்வை தோளுக்கு இணையான இடத்தோடு நின்றுவிடுகிறது. இவை எவற்றிலும் அகப்படாமல், தோளுக்குச் சற்றுப் பின்னாலிருந்து பின் பம்பரைத் தாண்டிச் சில மீட்டர் வரை இரு பக்கமும் எஞ்சும் இடத்தைத்தான் பிளைண்ட் ஸ்பாட் என்கிறோம். இந்தப் பக்கத்தில் அதை மறைவுப் பகுதி என்று சொல்கிறேன்.

பயிற்சிக்கு வருபவரை ஓட்டுநர் இருக்கையில் அமரவைத்து, பின்னாலிருந்து ஒருவரை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு இடப்பக்கமாக நடந்துவரச் சொல்வேன். கண்ணாடியைப் பார்த்தபடியே, ஸ்கூட்டர் தெரியும் வரை "தெரிகிறது" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பின் கதவுக்கு நேராக வரும்போது குரல் நின்றுவிடும். ஸ்கூட்டர் இன்னும் இரண்டு மூன்று எட்டு வைத்த பிறகே அது முன் இடக் கதவின் ஜன்னலில் மறுபடி தோன்றும். அந்த இரண்டு மூன்று எட்டுக்குள் ஒரு மனிதரும் அவர் வண்டியும் முழுதாக அடங்கிவிடுவதை நேரில் கண்டவர்கள் இந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில்லை. வலப்பக்கம் அமர்ந்திருப்பவருக்கு இடக்கண்ணாடி எட்ட இருப்பதால், அது காட்டும் கோணமும் குறுகிவிடுகிறது. எனவேதான் இடப்பக்க மறைவு பெரியது.

கண்ணாடியைச் சரியாக வைத்தாலே மறைவு போய்விடும் என்கிறார்களே, பிறகு கருவி எதற்கு?

அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஜார்ஜ் பிளாட்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை வடிவியல் கணக்காகவே விளக்கினார். பெரும்பாலோர் தம் காரின் பக்கவாட்டுத் தகடு கண்ணாடியில் தெரியுமாறு வைக்கிறார்கள். அப்போது பக்கக் கண்ணாடிகள், உட்புறக் கண்ணாடி முன்பே காட்டும் இடத்தையே மறுபடியும் காட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கு மாறாக, தலையை வலக் கதவின் ஜன்னலில் சாய்த்து, அந்த நிலையில் காரின் பின்புற ஓரம் மட்டும் இலேசாகத் தெரியும் அளவுக்கு வலப்பக்கக் கண்ணாடியை வெளிப்புறமாகத் திருப்புங்கள். பிறகு தலையைக் காரின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து இடப்பக்கத்தையும் அவ்வாறே திருப்புங்கள்.

இப்படி வைத்தால், முந்திவரும் ஒரு கார் உட்புறக் கண்ணாடியிலிருந்து பக்கக் கண்ணாடிக்கும், அங்கிருந்து ஓரப்பார்வைக்கும் கைமாறுவதுபோல் வரும். ஆனால் இரு சக்கர வண்டி காரைப்போல் நான்கு மீட்டர் நீளமுடையதன்று. கைமாறும் இடைவெளியில் அது விழ இடமிருக்கிறது. கருவி இருந்தாலும் முதலில் கண்ணாடியைத் திருத்துங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். செலவில்லாத திருத்தம், இரண்டு நிமிட வேலை.

காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எந்தக் கருவியும் கண்ணில் படவில்லை. எங்கேதான் இருக்கிறது?

பின் பம்பரின் இரு மூலைகளிலும், பிளாஸ்டிக்கிற்கு உள்ளே. ரேடியோ அலையால் வண்டியைக் கண்டறியும் ரேடார்தான் அது. பம்பரைக் கழற்றினால், உள்ளங்கை அளவுள்ள கறுப்பு நிறத் தட்டைப் பெட்டி ஒன்று சாய்வாகப் பின்புறமும் பக்கவாட்டும் நோக்கித் திருகப்பட்டிருப்பதைக் காணலாம். ரேடியோ அலை மெல்லிய பிளாஸ்டிக்கை ஊடுருவிச் செல்லும் என்பதால் அதற்குத் துளையோ கண்ணாடியோ தேவையில்லை. பம்பரில் வெளியே தெரியும் வட்டப் பொட்டுகள் வேறு. அவை நிறுத்துமிடத்தில் உதவும் மீயொலி சென்சார்கள்.

சில கார்களில் அந்த மீயொலி சென்சார்களையே பக்கவாட்டிலும் பொருத்தி மறைவுப் பகுதியைக் கண்காணிக்கிறார்கள். விலை குறைவு, ஆனால் சில மீட்டருக்கு அப்பால் அவற்றுக்கு எதுவும் தெரியாது.

ரேடார் என்றால் விமான நிலையத்தில் சுழல்வதுதானே? இந்தச் சின்னப் பெட்டி எப்படி வண்டியைக் கண்டுபிடிக்கிறது?

அடிப்படை ஒன்றுதான்: அலையை அனுப்பி, பொருளில் பட்டுத் திரும்புவதை வாங்கிக் கணக்கிடுவது. முதலில் வந்த ரேடார்கள் 24 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு இருபத்து நான்கு நூறு கோடி அதிர்வு) அலைவரிசையைப் பயன்படுத்தின. இன்று 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிக்குப் பெரும்பாலும் மாறிவிட்டார்கள். 24-இல் அலையின் நீளம் ஒன்றேகால் சென்டிமீட்டர். 77-இல் 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அலை குறுகக் குறுக ஆன்டெனாவும் சிறிதாகிறது. அதைவிட முக்கியமாக, மேல் வரிசையில் அகலமான அலைக்கற்றை, அதாவது பயன்படுத்தக்கூடிய அதிர்வெண்களின் பரப்பு, கிடைக்கிறது. 24-இன் குறுகிய கற்றையில் முக்கால் மீட்டர் இடைவெளிக்குள் நிற்கும் இரண்டு பொருள்கள் ஒன்றாகவே தெரியும். 77 முதல் 81 வரை முழுமையாகப் பயன்படுத்தினால், கணக்குப்படி சுமார் 4 சென்டிமீட்டர் வரை பிரித்தறியலாம்.

அலை சீராக ஏறி இறங்கும் அதிர்வெண்ணில் அனுப்பப்படுகிறது. திரும்பி வருவதற்கும் அந்த நொடியில் அனுப்பப்படுவதற்கும் உள்ள அதிர்வெண் வேறுபாடு, தொலைவைச் சொல்லிவிடும். பொருள் நம்மை நெருங்கினால் திரும்பும் அலை சற்றுக் கூர்மையாகும், விலகினால் தணியும். ஆம்புலன்ஸ் கடந்துபோகும்போது அதன் ஒலி மாறுவதை நாம் கேட்பதுபோலத்தான் இதுவும். டாப்ளர் விளைவு என்பது இதன் பெயர். மணிக்கு 36 கி.மீ. கூடுதல் வேகத்தில் நெருங்கும் வண்டி, 24 கிகாஹெர்ட்ஸ் அலையில் 1,600 ஹெர்ட்ஸ் மாற்றம் உண்டாக்கும். இருபத்து நான்கு நூறு கோடியில் ஓராயிரத்து அறுநூறு என்பது மிகச் சிறியதுதான், ஆனால் அளந்துவிடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்களில் அலை வந்து சேரும் நுண்ணிய முன்பின்னைக் கொண்டு திசையும் தெரிந்துவிடுகிறது.

அந்தக் கதிர்வீச்சால் குழந்தைகளுக்குக் கேடு வராதா?

வராது. கைப்பேசியைப் போலவே இதுவும் அணுக்களைச் சிதைக்கும் ஆற்றலற்ற ரேடியோ அலைதான். வெளியிடும் திறனும் கைப்பேசி அதிகபட்சமாக வெளியிடுவதைவிடக் குறைவு. அதுவும் காருக்கு வெளியே நோக்கிச் செல்கிறது.

மரம், மின்கம்பம், சாலைத் தடுப்பு எல்லாம் பக்கத்தில் இருக்கும்போது ஏன் அது எரிவதில்லை?

80 கி.மீ. வேகத்தில் செல்லும் காரின் ரேடாருக்கு, சாலையோரப் புளியமரம் அதே 80 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி ஓடுவதாகத் தெரியும். கார் தன் வேகத்தைச் சக்கரங்களிலிருந்து முன்பே அறிந்திருக்கிறது. ஆகவே சரியாக அதே வேகத்தில் பின்வாங்கும் எதையும் தரையோடு நிற்பதாகக் கொண்டு கணினி ஒதுக்கிவிடும். நிறுத்தி வைக்கப்பட்ட லாரியும் இவ்வகையிலேயே ஒதுக்கப்படும் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் வேகமாக முந்திச் செல்லும் வண்டிகளுக்கும் பல அமைப்புகள் உடனே எரிவதில்லை. அந்த வண்டி உங்கள் பக்கத்திலேயே இரண்டு நொடி தங்கினால்தான் எச்சரிக்கின்றன.

இந்த வடிகட்டலும் சில இடங்களில் ஏமாறும். மேம்பாலத்தில் நீண்ட உலோகத் தடுப்பு, கண்ணாடிபோல் அலையைத் திருப்பிவிடும். மறுபக்கம் வரும் லாரியிலிருந்து திரும்பும் அலை அதில் பட்டு, இல்லாத இடத்தில் ஒரு வண்டி இருப்பதாகக் காட்டுவதுண்டு. வெறும் தடுப்புச் சுவரைப் பார்த்து விளக்கு எரிந்தால் கருவி கெட்டுவிட்டதாகக் கொள்ள வேண்டாம். அதே இடத்தில் மட்டும் நடக்கிறதா என்று கவனியுங்கள்.

இதை முதலில் கொண்டுவந்தது யார்? அப்போதும் ரேடார்தானா?

வால்வோ நிறுவனம் 2001-இல் காட்சிக்கு வைத்த மாதிரிக் காரில் இந்த எண்ணம் இருந்தது. 2005-ஆம் ஆண்டுக்கான எஸ்60, வி70 போன்ற கார்களில் விற்பனைக்கும் வந்தது. அப்போது பயன்பட்டது கேமரா. பக்கக் கண்ணாடிக்குக் கீழே பின்னோக்கிப் பொருத்தப்பட்ட சிறு கேமரா நொடிக்கு 25 படங்களை எடுத்து, ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள பகுதியில் ஏதேனும் நகர்கிறதா என்று படத்தோடு படத்தை ஒப்பிட்டது. மூடுபனியும் தாழ்ந்த வெயிலும் கேமராவின் கண்ணை மறைத்தன. வால்வோவே பிற்காலத்தில் ரேடாருக்கு மாறியது.

என் காரில் இண்டிகேட்டர் போட்டால் பக்கவாட்டுப் படம் திரையில் வருகிறது. இதுவும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. 2020-இல் இந்தியாவுக்கு வந்த ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டியின் லேன்வாட்ச், 2021-இல் வந்த ஹூண்டாய் அல்கசாரின் பக்கவாட்டுக் காட்சி ஆகியவை படத்தைக் காட்டுபவை. படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். நான் மேலே விளக்கிய ரேடார் அமைப்பு, படம் எதையும் காட்டாமல், வண்டி இருப்பதாகத் தானே முடிவெடுத்து விளக்கை ஏற்றுகிறது.

எது மேல் என்று கேட்டால், இரு சக்கர வண்டிகள் நெருங்கி வரும் நகரத்தில் படமும், நெடுஞ்சாலையில் ரேடாரும் அதிகம் உதவுகின்றன என்பது என் அனுபவம். கார் வாங்கும்போது விற்பனையாளர் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிடுவது வழக்கமாக இருக்கிறது. "விளக்கு எரியுமா, படம் வருமா?" என்று பிரித்துக் கேளுங்கள்.

அது எவ்வளவு தூரம் வரை பார்க்கும்?

காருக்குக் கார் மாறுபடும். ஆனால் ஐஎஸ்ஓ 17387 என்ற 2008-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரநிலை, குறைந்தபட்சம் கவனிக்க வேண்டிய இடத்தை வரையறுத்திருக்கிறது. காரின் பக்கவாட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொடங்கி 3 மீட்டர் வரை அகலம். ஓட்டுநரின் கண் இருக்கும் இடத்திலிருந்து பின் பம்பருக்கு 3 மீட்டர் பின்னால் வரை நீளம். இதை ஒரு பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் நெடுஞ்சாலைத் தடத்தின் அகலம் 3.5 மீட்டர். ஆக, அந்தப் பெட்டி பக்கத்துத் தடத்தை ஏறக்குறைய நிரப்புகிறது. இரண்டாவது தடத்தை அது பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. பார்த்தால் தேவையில்லாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

விளக்கு எரியவில்லை என்றால் பக்கத்துத் தடம் காலி என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

கூடாது. இந்தப் பக்கத்தைத் தொகுக்கத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான். விளக்கு எரியாததற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: முந்தைய பதிலில் சொன்ன அந்தப் பெட்டிக்குள், ரேடார் அறியக்கூடிய பொருள் எதுவும் இந்த நொடியில் இல்லை. நீங்கள் தடம் மாறி முடிக்கும்போது அங்கே என்ன இருக்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

கணக்காகவே பாருங்கள். நீங்கள் 80 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். வலத் தடத்தில் ஒருவர் 120-இல் வருகிறார். வேறுபாடு 40 கி.மீ., அதாவது நொடிக்கு 11 மீட்டர். பெட்டி பம்பருக்குப் பின்னால் 3 மீட்டர்தான் நீள்கிறது என்றால், அவர் அதற்குள் நுழைந்து உங்கள் பம்பரை எட்டக் கால் நொடிதான் ஆகும். தடம் மாற உங்களுக்கு நான்கு நொடி தேவை என்று வைத்துக்கொண்டால், நீங்கள் தொடங்கும்போது அவர் 44 மீட்டர் பின்னால் இருந்திருப்பார்; விளக்கும் எரிந்திருக்காது. ஆனால் 44 மீட்டர் பின்னால் வரும் கார் பக்கக் கண்ணாடியில் முழுமையாகத் தெரியும். கண்ணாடி தொலைவைக் காட்டுகிறது, கருவி அருகைக் காட்டுகிறது. ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு மற்றது மறைவுப் பகுதியாகிவிடுகிறது.

விலை கூடிய சில அமைப்புகள், பெட்டிக்கு வெகு பின்னாலிருந்து விரைந்து நெருங்கும் வண்டிக்கும் எச்சரிக்கின்றன. ஐஎஸ்ஓ தரநிலை இவற்றைத் தனி வகையாகவே பிரிக்கிறது. உங்கள் காரில் எது இருக்கிறது என்று கையேட்டில் பாருங்கள். "விரைந்து நெருங்கும் வாகனம்" என்ற பொருளில் அதில் எதுவும் இல்லையென்றால், மேலே போட்ட கணக்கு உங்கள் காருக்கும் பொருந்தும்.

சில நேரம் விளக்கு மட்டும் எரிகிறது, சில நேரம் பீப் ஒலியும் வருகிறது. ஏன் இந்த வேறுபாடு?

இரண்டு படிகள் உள்ளன. பக்கத்தில் வண்டி இருந்தால் விளக்கு சத்தமின்றி எரியும். அந்நிலையில் அதே பக்கத்துக்கு இண்டிகேட்டர் போட்டால், நீங்கள் அங்கே போக நினைப்பதாகக் கார் புரிந்துகொண்டு, விளக்கை மின்னவைத்து ஒலியும் எழுப்பும். சில கார்களில் ஸ்டீயரிங் அதிரும். இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறும் பழக்கமுள்ளவருக்குப் பெரும்பாலான கார்களில் இந்த இரண்டாம் படியே கிடையாது. இண்டிகேட்டர் அடுத்தவருக்காகப் போடுவது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொன்னால் மறுநாளிலிருந்தே போடத் தொடங்குகிறார்கள்.

கார் தானாகவே என்னைத் தடுத்து நிறுத்துமா?

சில கார்களில் தடுக்க முயலும். எச்சரிக்கையை மீறித் தடம் மாறத் தொடங்கினால், எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் இலேசாகப் பிரேக் கொடுத்துக் காரைப் பழைய தடத்துக்கு இழுக்கும். அல்லது ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பும். இந்தத் தலையீடு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல்தான் இயங்கும். பல கார்களில் தடக்கோடுகள் கேமராவுக்குத் தெரிந்தாக வேண்டும், அழிந்துபோன கோடுகள் உள்ள சாலையில் அது வேலை செய்யாது. கையால் அழுத்திப் பிடித்தால் உங்கள் கைதான் வெல்லும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

பைக், சைக்கிள் எல்லாம் தெரியுமா? நம் ஊரில் அவைதானே அதிகம்?

பைக் தெரியும், ஆனால் காரைப்போல் முன்கூட்டித் தெரியாது. அகன்ற உலோகப் பரப்புள்ள கார், அலையை நிறையத் திருப்பி அனுப்புகிறது. ஒல்லியான பைக் கொஞ்சமே அனுப்புகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2014-இல் நடத்திய சோதனையில், கார்களைவிட மோட்டார் சைக்கிள்களை இந்த அமைப்புகள் சராசரியாக 26 விழுக்காடு தாமதமாகவே கண்டுகொண்டன. அதற்குப் பின் ரேடார்கள் மேம்பட்டுள்ளன என்றாலும், இயற்பியல் மாறவில்லை.

நம் சாலையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கவனிக்கும் பெட்டி காரிலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொடங்கினாலே தரநிலைக்குப் போதும் என்பதை மேலே பார்த்தோம். இடப்பக்க இடுக்கில் நுழைந்து கதவை உரசுவதுபோல் வரும் ஸ்கூட்டர், அந்த அரை மீட்டருக்குள்ளேயே வந்துவிடக்கூடும். சைக்கிளையும் நடந்து செல்பவரையும் கார்களின் அமைப்பு காணும் என்று எந்நிலையிலும் எதிர்பார்க்காதீர்கள். இடப்பக்கம் ஒதுங்கும் முன் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பதற்கு மாற்று இன்றுவரை இல்லை.

ஊருக்குள் நெரிசலில் ஓயாமல் எரிந்து எரிச்சல் தருகிறது. அணைத்து வைத்துவிடலாமா?

பெரும்பாலான அமைப்புகள் மணிக்கு 10 முதல் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டிய பிறகே விழிக்கின்றன. ஊர்ந்து செல்லும்போது அமைதியாகவே இருக்கும். அதற்கு மேலும் தொல்லையாக இருந்தால், அமைப்பை அணைக்காமல், காரின் திரையிலுள்ள பட்டியலில் ஒலியை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அணைத்தால் நெடுஞ்சாலை ஏறும்போது மறுபடி போட மறந்துவிடுகிறோம். விளக்கு எரியாதபோது அது அணைக்கப்பட்டதா, ஆளில்லையா என்று உங்களால் பிரித்தறியவும் முடியாது.

மழையில் "சென்சார் மறைக்கப்பட்டுள்ளது" என்ற செய்தி வருகிறது. பழுதா?

பழுதன்று. பம்பர் மூலையில் சேறு அப்பினாலோ, தண்ணீர்ப் படலம் கெட்டியாகப் படர்ந்தாலோ, அலை வெளியேறாமல் அங்கேயே திரும்பிவிடுகிறது. கார் அதை உணர்ந்து, தன்னால் பார்க்க முடியவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறது. வண்டியை ஓரங்கட்டி, ஈரத்துணியால் இரு மூலைகளையும் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெயிலிலும் செய்தி நீங்கவில்லையென்றால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

பின் பம்பரில் சின்ன அடி. வெளியே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டேன், பார்க்கப் புதுசு போலத்தான் இருக்கிறது. போதாதா?

கண்ணுக்குப் போதும், ரேடாருக்குப் போதாமல் போகலாம். இதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் காரின் இடப்பக்கப் பின் மூலையை ஓர் ஆட்டோ உரசியது. வழக்கமாகப் போகும் டிங்கரிங் கடையில் கொடுத்தேன். பள்ளத்தில் பட்டி அப்பித் தேய்த்து, நிறம் பொருந்தப் பெயிண்ட் அடித்து, குறையே சொல்ல முடியாதபடி கொடுத்தார்கள். எந்த எச்சரிக்கைச் செய்தியும் வரவில்லை. சில வாரம் கழித்து, வலப்பக்க விளக்கு உரிய நேரத்தில் எரிவதும், இடப்பக்கம் வண்டி பின் கதவுக்கு நேராக வந்த பிறகே எரிவதும் கண்ணில் பட்டது. பம்பரை விரலால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடங்களில் பொத்தென்று கேட்ட ஒலி, அந்த மூலையில் மட்டும் கல்லைத் தட்டியதுபோல் கேட்டது. பட்டி அவ்வளவு கனமாக இருந்தது. பம்பரை மாற்றி, ரேடாரின் கோணத்தையும் சரிபார்த்த பிறகே இரு பக்கமும் ஒன்றுபோல் ஆயின.

ரேடாருக்கு முன்னுள்ள பிளாஸ்டிக்கின் தடிமனும் பெயிண்டின் அடுக்குகளும் அலை கடந்துபோகும் அளவைக் கணக்கிட்டே வடிவமைக்கப்படுகின்றன. பட்டியும், உலோகத் துகள் கலந்த பெயிண்டைப் பல அடுக்கு அடிப்பதும் அந்தக் கணக்கைக் கெடுக்கின்றன. பல கார் நிறுவனங்கள் ரேடாருக்கு முன்னுள்ள பகுதியில் பட்டி பார்ப்பதையே தடை செய்கின்றன. அடியில் ரேடாரைத் தாங்கும் பட்டை வளைந்தாலும் சிக்கல்தான்: கோணம் 3 டிகிரி பிசகினால், 20 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் தள்ளிப் பார்க்கும். அடுத்த தடத்து வண்டியை உங்கள் தடத்தில் இருப்பதாக அது தவறாகக் கொள்ள அவ்வளவே போதும். ஆகவே பின் மூலையில் அடிபட்டால், காப்பீட்டுக்கு எழுதும்போதே "ரேடார் சரிபார்ப்பு" என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

பின்னால் இரும்பு கார்டு போடலாமா? ஸ்டிக்கர்?

மூலைகளை மறைக்கும் எந்த உலோகமும் வேண்டாம். ரேடியோ அலை அதை ஊடுருவாது. ஸ்டிக்கரை மூலைகளிலிருந்து தள்ளி ஒட்டுங்கள், வெள்ளி மினுமினுப்புள்ளதை அறவே தவிருங்கள்.

காரைப் பின்னெடுக்கும்போதும் ஏதோ எச்சரிக்கிறதே, அதுவும் இதே கருவியா?

ஆம், பம்பருக்குள் உள்ள அதே இரண்டு ரேடார்கள்தான். நிறுத்துமிடத்திலிருந்து பின்னெடுக்கும்போது குறுக்கே வரும் வண்டியை அவை பார்த்துச் சொல்கின்றன. சில கார்களில் நிறுத்திய பின்னும் சிறிது நேரம் விழித்திருந்து, கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து பைக் வந்தால் எச்சரிக்கின்றன. திறந்த கதவில் மோதி விழுபவர்களை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். எனக்கு இந்தத் தொகுப்பிலேயே மிகப் பிடித்த வசதி இதுதான். ஒரு ரேடார் கெட்டால் இவை மூன்றும் சேர்ந்தே போய்விடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

என் பழைய காரில் வெளியே வாங்கிப் பொருத்தலாமா?

பொருத்தலாம். ஆனால் காரின் வேகமும் இண்டிகேட்டர் நிலையும் கருவிக்குத் தெரியும்படி இணைத்தால்தான், முன்னே சொன்ன வடிகட்டலும் இரண்டாம் படியும் நடக்கும். பலர் இந்த இணைப்பைச் செய்யாமல் மின்சாரம் மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு மரத்துக்கெல்லாம் கத்துகிறது. சரியாக இணைக்கத் தெரிந்தவர் கிடைக்கவில்லையென்றால், அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் திருத்துங்கள்; வேண்டுமானால் ஓரத்தில் ஒட்டும் சிறு குவிகண்ணாடி ஒன்று போதும். அதில் வண்டி இருப்பதைவிடத் தொலைவில் தெரியும் என்பதற்குக் கண் பழக வேண்டும்.

பைக்கில் இந்த வசதி வருமா?

வந்துவிட்டது. பிஎம்டபிள்யூ 2015-இல் சி650 ஜிடி ஸ்கூட்டரில் மீயொலி சென்சார்களைக் கொண்டு இதைக் கொடுத்தது. 2020-இல் அறிமுகமான டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4, முன்னும் பின்னும் ரேடார் கொண்டு வந்தது.

லாரி, பேருந்துகளுக்கு இது கட்டாயமில்லையா? அவர்களுக்குத்தானே எதுவும் தெரியாது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயமாகிவிட்டது. 2022 ஜூலை முதல் புதிய வகைக் கனரக வண்டிகளுக்கும், 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கனரக வண்டிகளுக்கும் வந்துவிட்டது. அங்கே முதன்மையாகக் கருதப்படுபவர் சைக்கிள் ஓட்டி. சந்திப்பில் லாரி திரும்பும்போது அதன் பக்கமாக வரும் சைக்கிள்காரரைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பதே ஐக்கிய நாடுகளின் 151-ஆம் விதியின் நோக்கம். லண்டன் நகரம் 2024 அக்டோபர் முதல், நேரடிப் பார்வை போதாத 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில், கம்பத்தையும் வேலியையும் பார்த்துக் கத்தாத, ஆனால் மனிதரைத் தவறவிடாத கருவி இருக்க வேண்டும் என்று கேட்கிறது. காரின் அமைப்பைவிட இது கடினமான வேலை. வேகம் குறைவு, பொருள் சிறியது, தவறினால் போவது உயிர்.

இதனால் விபத்து உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

குறைந்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் ஐஐஎச்எஸ் என்னும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், காவல்துறைப் பதிவுகளைக் கொண்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அமைப்புள்ள கார்களுக்குத் தடம் மாறும் விபத்துகள் 14 விழுக்காடும், காயம் ஏற்பட்டவை 23 விழுக்காடும் குறைவாக இருந்தன. பெரிய எண்ணிக்கை அன்று என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு சிறு விளக்கு இவ்வளவு செய்வது எனக்குப் பெரிதாகவே படுகிறது.

ஏஏஏ அறக்கட்டளை 2018-இல் வெளியிட்ட ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த அமைப்புள்ள காரை ஓட்டுபவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் அதன் வரம்புகளை அறியாதவர்கள், அல்லது மிக வேகமாக வரும் வண்டியையும் சைக்கிளையும் நடப்பவரையும் அது காணும் என்று தவறாக நம்பியவர்கள். அவர்கள் நம்பிய இரண்டையும் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் சரியாகச் செய்தேன்: கண்ணாடி பார்த்தேன், இண்டிகேட்டர் போட்டேன், விளக்கும் எரியவில்லை. நடுத் தடத்துக்கு வரும்போது ஒரு கார் இடிக்கப் பார்த்தது. எங்கே தவறினேன்?

மூன்று தடச் சாலையில் நீங்கள் இடது ஓரத்திலும், அவர் வலது ஓரத்தில் உங்களுக்கு இணையாகவும் வந்திருப்பீர்கள். இருவரும் ஒரே நொடியில் நடுத் தடத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். இருவருடைய ரேடாருக்கும் நடுத் தடம் காலியாகவே இருந்தது. 3 மீட்டரைத் தாண்டி அடுத்தவர் இருந்ததால் எந்த விளக்கும் எரியவில்லை, எரிந்திருக்கவும் முடியாது.

இதைக் கண்ணால் மட்டுமே தவிர்க்க முடியும். நடுத் தடத்துக்குப் போகும் முன், அதற்கும் அப்பாலுள்ள தடத்தில் உங்களுக்கு நேராக வருபவரின் முன் சக்கரத்தைப் பாருங்கள். வண்டி நகர்வதற்கு முன் சக்கரம்தான் திரும்பும்; பலர் இண்டிகேட்டர் போடாவிட்டாலும் அது பொய் சொல்லாது. பிறகு திரும்பத் தொடங்கி, காரின் பாதி கோட்டைத் தாண்டும் முன் மறுபடியும் ஒருமுறை அந்தப் பக்கம் பாருங்கள். அவரும் வருகிறார் என்றால், உங்கள் இடத் தடம் இன்னும் உங்களுடையதாகவே இருக்கும், அதற்கே திரும்பிவிடலாம்.